பட்டாளத்துக்காரர் தோட்டம்: சமாதி தேடிப் போன ஒரு மாணவர் பணி

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் போகிற ரோட்டை விட்டு இறங்கி, கிளுவை வேலிகளுக்கு நடுவே ஓடும் ஓர் இட்டேரியில் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தத் தோட்டம் வரும். ஊரில் அதற்குப் பட்டாளத்துக்காரர் தோட்டம் என்று பெயர். மாட்டுக்குத் தட்டு போட்டுக்கொண்டிருந்த பையனிடம், அந்தப் பட்டாளத்துக்காரர் யார், எந்தச் சண்டைக்குப் போனார் என்று கேட்டோம். "தெரியலைங்க சார், தோட்டத்துக்குப் பேரு அப்படிங்க" என்றான். அவன் அவருடைய கொள்ளுப்பேரன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சமாதி நாங்கள் நின்ற இடத்திலிருந்து முப்பதடி தூரத்தில், சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் இருந்தது.

நான் ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பும் என் தலையில்தான். அந்தத் திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. வழக்கமாகக் கோயில் வளாகம் கூட்டுவோம், சீமைக் கருவேலம் வெட்டுவோம், மரக்கன்று நடுவோம். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால் கன்று இருக்காது, கருவேலம் இருக்கும்.

இந்த முறை யோசனை ஒரு மாணவியிடமிருந்து வந்தது. அவளுடைய அப்பாரு, அதாவது தாத்தா, மிலிட்டரியில் இருந்தவர். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் படைவீரர் கல்லறைகளில் வரிசையாகச் சின்னக் கொடி நடும் காட்சியைப் போனில் பார்த்திருக்கிறாள். "நம்ம பக்கத்துலயும் பண்ணலாமுங்களா சார்?" என்றாள். சரி, பண்ணலாம் என்றேன். பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். சென்னிமலை, காங்கயம், தாராபுரம் பக்கத்தில் சில ஊர்களைத் தேர்ந்துகொண்டோம். கல்லறைகளைக் கண்டுபிடிப்பது, வரைபடத்தில் குறிப்பது, சுத்தம் செய்வது, ஒரு நாளில் எல்லோரும் கூடி அஞ்சலி செலுத்துவது: திட்டம் அவ்வளவுதான். ஏழு நாளில் முடித்துவிடலாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

முதலில் விழுந்தது கொடி. இந்தியக் கொடி விதித்தொகுப்பு, 2002 தேசியக் கொடி தரையில் படக் கூடாது என்கிறது. காகிதக் கொடியைக் கூட நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் போட்டுவிட்டு வரக் கூடாது. மரியாதையாக, தனியிடத்தில் அகற்ற வேண்டும். உடல்மேல் கொடி போர்த்துவது அரசு மரியாதைக்கும் படை மரியாதைக்கும் உரியது. அதையும் குழியில் வைக்கவோ தீயில் இடவோ கூடாது. காற்றும் வெயிலும் கிழிக்கிற காட்டில் கொடியை நட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று முன்னாள் சுபேதார் ஒருவர்தான் கேட்டார். கொடியை விட்டுவிட்டோம்.

கல்லறை எங்கே இருக்கிறது?

அடுத்துத் தடுக்கியது 'கல்லறை' என்கிற சொல். எங்கள் படிவத்தின் முதல் கட்டமே 'கல்லறை இருக்கும் இடம்' என்பதுதான். முதல் நாள் போன ஏழு வீடுகளில் ஐந்தில் அந்தக் கட்டம் காலி. எரித்தாயிற்று, சாம்பல் பவானி கூடுதுறையிலோ கொடுமுடியிலோ கரைந்துவிட்டது. "எங்கண்ணு கல்லறை? காவேரியில போயித் தேடு" என்று ஓர் ஆத்தா சிரித்தார். தோட்டத்திலேயே அடக்கம் செய்து சமாதி கட்டியவர்கள் சிலர். தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் சிலர். முஸ்லிம்களின் கபர்ஸ்தானில், அடையாளத்துக்கு நட்ட மீசான் கல் மட்டும் நிற்க, எழுத்து எதுவும் இல்லாதவர்கள் சிலர்.

சண்டையில் செத்தவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் பட்டியல் உண்டு. 1917இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் ஏட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம். முதல் உலகப் போருக்கு 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, இரண்டாவதற்கு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். தேடுவதற்கு ஒரு சூட்சுமம் வேண்டும். அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் பெரிசு. ஈரோடு தனி மாவட்டமானது 1979இல், திருப்பூர் 2009இல். அதனால் 'திருப்பூர் மாவட்டம்' என்று தேடுகிற பிள்ளைக்கு ஒன்றும் சிக்காது. தாராபுரத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத்துக் கூட்டலாமோ அத்தனையும் போட்டுப் பார்க்க வேண்டும். பெயர்களோ பழனிசாமி, ரங்கசாமி, குப்புசாமி. பாட்டன் பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் ஒரே பெயர் தலைமுறை தாண்டித் தாண்டி வரும். எந்தப் பழனிசாமி என்று அப்பன் பெயரை வைத்துத்தான் பிரிக்க முடிந்தது.

அப்படிக் கிடைத்தவர்களும் இங்கே இல்லை. பர்மாவில் செத்து, புதைத்த இடம் தெரியாமல் போனவர்கள் பெயர் யங்கோனுக்கு வடக்கே தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில், ஏறக்குறைய 27,000 பெயர்களுக்கு நடுவே இருக்கிறது. முதல் போரில் மெசபடோமியாவில் போனவர்களுக்கு அதுவும் இல்லை. பஸ்ரா நினைவுச் சின்னம் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. அதில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு; இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் அதில் இத்தனை பேர் என்கிற கணக்கும்தான். ஆணையம் 2021இல் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "அப்ப ஹாஜர் எடுக்கிற மாதிரிங்களா சார்?" என்றான். ஹாஜர் எடுக்கும்போதாவது பெயர் கூப்பிடுவோம் என்றேன்.

சுதந்திரத்துக்குப் பின் களத்தில் இறந்தவர்களுக்கு டெல்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறந்த தேசிய போர் நினைவகம் இருக்கிறது. திறந்தபோதே 25,942 பெயர்கள். ஆக, சண்டையில் செத்தவருக்கு எங்கேயோ ஒரு கல் இருக்கிறது. சண்டைக்குப் போய், உயிரோடு திரும்பி வந்து, மாடு மேய்த்து, பேரப்பிள்ளை பார்த்து, எழுபது எண்பது வயதில் திண்ணையில் படுத்துச் செத்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நாங்கள் தேடியது அவர்களைத்தான். இரண்டாம் உலகப் போருக்கு எடுத்த ஆட்களில் ஏராளமானவர்களை 1946 வாக்கில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 ஆண்டு சேவை வேண்டும். அவர்களுக்கு நாலைந்து ஆண்டுதான். பென்ஷன் இல்லையென்றால் பேப்பர் இல்லை, பேப்பர் இல்லையென்றால் அரசாங்கத்துக்கு ஆளும் இல்லை.

மூன்றாம் நாள் படிவத்தை மாற்றினோம். 'கல்லறை இருக்கும் இடம்' என்பது 'இவரை எங்கே நினைக்கிறீர்கள்?' என்றானது. பதில்கள் கொட்டின. அவர் வெட்டிய கிணறு. ஊர்க் கோயிலில் அவர் வாங்கிக் கொடுத்த மணி. வீட்டு நடையில் மாட்டிய போட்டோ. ஒரு வீட்டில் புளியமரத்தைக் காட்டினார்கள். லீவில் வந்தால் அதன் அடியில்தான் கட்டில் போட்டுப் படுப்பாராம். இதையெல்லாம் வரைபடத்தில் வைக்கலாமா என்று மாணவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். வைத்தோம். கல்லறைக்கு ஒரு நிறம், மற்றதற்கு வேறு நிறம்.

ஒரே சண்டை, இரண்டு சுடுகாடு

தகவல் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர்கள் உதவினார்கள், ஆனால் அவர்களுக்கு 1960களுக்குப் பிந்தியவர்களைத்தான் தெரியும். டீக்கடையில் 'மிலிட்டரிக்காரர் வீடு எதுங்க?' என்று கேட்டது அதைவிடப் பலன் தந்தது. எல்லாரையும் மிஞ்சியவர் சுடுகாட்டில் குழி வெட்டும் ஒரு பெரியவர். எந்த மேட்டில் யார், எந்த ஆண்டு மழையில் எது சரிந்தது என்று சிட்டா அடங்கலைவிடத் தெளிவாகச் சொன்னார். அவரிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

அவர்தான் எங்களை ஓடைப் பக்கத்துச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். எங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. வரைபடத்தில் ஊர்ச் சுடுகாட்டை மட்டும் குறித்துக்கொண்டு வந்திருந்தோம். சாதிக்கொரு மயானம் என்பது தெரியாத விஷயமா என்ன, வசதியாக மறந்திருந்தோம். மதராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை பறையர் சமூகத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆள் எடுத்த படை. அந்தப் படைக்குப் போன இரண்டு பேர் அந்த ஓடைக்கரையில் கிடந்தார்கள். ஊர்ச் சுடுகாட்டுக்குத் தார் ரோடும் மேற்கூரையும் இருந்தன. இங்கே முட்புதரும் வழியில்லாத கரையும்தான். ஒரே சண்டைக்குப் போனவர்கள், ஒரே ஊர்க்காரர்கள், செத்த பிறகு அரைக் கிலோமீட்டர் தள்ளித் தள்ளிப் படுத்திருக்கிறார்கள். நாங்கள் எதுவும் எழுதவில்லை. புள்ளி வைத்ததும் வரைபடமே அதைக் காட்டிவிட்டது. ஊர்த் தலைக்கட்டு ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதையும் போடணுமா தம்பி?" என்றார். போட்டிருக்கிறோமுங்க என்றான் என் மாணவன். அவன் குரல் நடுங்கியது, ஆனால் சொன்னான்.

ஆசிட் பாட்டில்

சுத்தம் செய்ததில் ஒரு தப்பு நடந்தது. தப்பு என்னுடையது. ஒரு கல்லறைத் தோட்டத்தில் பாசி பிடித்துக் கறுத்த மார்பிள் பலகை இருந்தது. எழுத்து தெரியவில்லை. கடையில் ஆசிட் பாட்டில் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ஊற்றியதும் பொங்கியது, பிள்ளைகள் அழுக்கு போகிறது என்று மகிழ்ந்தார்கள். பொங்கியது அழுக்கு இல்லை, கல். மார்பிள் சுண்ணாம்புக் கல். ஆசிட் அதைக் கரைக்கும். துடைத்துப் பார்த்தால் மேற்பரப்பு சொரசொரவென்று ஆகி, பள்ளத்தில் ஊற்றியிருந்த கறுப்பு பெயிண்டும் உரிந்து வந்தது. ஆண்டின் கடைசி எண் இனித் தெரியாது. அந்தக் குடும்பத்திடம் போய்ச் சொன்னோம். அவர்கள் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதன்பின் தண்ணீரும் மெல்லிய நைலான் பிரஷும்தான். முதலில் கல்லை நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகத் தேய்ப்பது. மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். இரும்பு பிரஷ் கூடாது. எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்ப்பதும் கூடாது. தேய்ந்த எழுத்தைப் படிக்க ஆசிட்டைவிட நல்ல வழி, வீட்டிலிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. வெயிலை அதில் பிடித்துக் கல்லின் ஓரமாகச் சாய்வாக அடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். நடுகல் எடுப்பதற்குப் பழைய இலக்கணம் சொல்லும் ஆறு படிகளில் ஒன்று நீர்ப்படை, கல்லை நீராட்டுவது. அதைப் பாடமாக நடத்துகிறவன்தான் ஆசிட் வாங்கினேன்.

புள்ளி வைத்ததால் வந்த சண்டை

தகவல் சேகரிக்க கோபோ என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்தினோம். சிக்னல் இல்லாத இட்டேரியிலும் படிவம் நிரப்பலாம், போட்டோ, குரல் பதிவு, இடக்குறி மூன்றும் அதிலேயே சேரும், சிக்னல் வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். வரைபடத்துக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். திறந்த வெளியில் போன் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக இடம் காட்டும், மரத்தடியில் தடுமாறும். அதனால் இரண்டு நிமிடம் நின்று எடுக்கச் சொன்னேன். தொழில்நுட்பம் இவ்வளவுதான், அதில் ஒரு தொல்லையும் வரவில்லை.

தொல்லை வந்தது வேறு பக்கமிருந்து. முகாம் முடிந்த மறுவாரம் ஒருவர் கல்லூரிக்கே வந்துவிட்டார். அவர் காட்டில் இருக்கும் சமாதி எங்கள் வரைபடத்தில் துல்லியமாக இருக்கிறது. அந்த நிலத்தை சைட் போட்டு விற்கப் பேச்சு நடக்கிறது. வாங்க வந்தவர் போனைக் காட்டி, "இதுல சுடுகாடுன்னு இருக்குதுங்களே" என்று கேட்டிருக்கிறார். போதாததற்கு, சமாதி பங்காளிகள் இருவர் எல்லைக்கு நடுவே இருந்தது. எங்கள் புள்ளி ஓரடி இந்தப் பக்கம் விழுந்திருந்தது. "காலேஜே அளந்து போட்டிருக்குது" என்று ஒரு பங்காளி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எங்களிடம் சமாதிக்கு அனுமதி கொடுத்தது அந்த வீட்டுப் பாட்டி. அவருக்கு நாங்கள் வரைபடம் என்று சொன்னது சுவரில் மாட்டுகிற காலண்டர் மாதிரி ஏதோ ஒன்றாகப் பட்டிருக்கிறது. உலகமே பார்க்கும் என்று புரியும்படி சொல்லவில்லை. இன்னொரு பயமும் வீடுகளில் இருந்தது. பதிவு பெற்ற மயானம் தவிர வேறு இடத்தில் புதைக்க இப்போதைய ஊராட்சி விதிகள் விடுவதில்லை. பழைய சமாதியைக் குறித்தால் ஆபீசர் யாராவது வந்து கேள்வி கேட்பாரோ என்று பலர் நினைத்தார்கள். கௌரவிக்கப் போன இடத்தில் குடும்பத்துக்கு வில்லங்கம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

வரைபடத்தை அன்று இரவே இறக்கினோம். மாணவர்கள் உட்கார்ந்து ஒரு முறை வகுத்தார்கள். பாகைக் கணக்கில் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை இடம் காட்டும். இரண்டு இலக்கத்தில் நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மங்கிவிடும். பொது மயானத்தில் இருப்பவை ஐந்து இலக்கத்தோடு. தனியார் நிலத்தில் இருப்பவை இரண்டு இலக்கம் மட்டும், ஊர்ப் பெயரோடு. குடும்பம் வேண்டாம் என்றால் வரைபடத்தில் கிடையாது. கல்லூரி நோட்டில் மட்டும். எல்லா வீட்டுக்கும் திரும்பப் போய், போனில் வரைபடத்தைத் திறந்து காட்டி, மறுபடி கேட்டோம். சிலர் எடுத்துவிடச் சொன்னார்கள். முதல் நாளே இப்படிச் செய்திருக்க வேண்டும். இதே வேலையை எடுக்கிற கல்லூரி எதுவானாலும் இந்த ஒன்றை மட்டும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

எந்த நாளில்?

ஒரே நாளில் எல்லோருக்கும் அஞ்சலி என்பதும் நடக்கவில்லை. கொடிநாளான டிசம்பர் 7ஐ நான் சொன்னேன். குடும்பங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவருக்குப் படைப்பது ஆடி அமாவாசையில் அல்லது அவர் திதியில். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கபர்ஸ்தானில் மாலையும் மெழுகுவர்த்தியும் வேண்டாம், வந்து துவா செய்தால் போதும் என்றார்கள். அதனால் மாணவர்கள் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து, அந்தந்த வீட்டு நாளில், அந்தந்த வீட்டு முறையில் போய் நின்றார்கள். போட்டோ எடுக்கத் தோதான கூட்டம் இல்லாததில் கல்லூரியில் கொஞ்சம் வருத்தம்.

படை அஞ்சலியில் ஊதும் பியூகிள் இசையை ஸ்பீக்கரில் போடலாம் என்று ஒரு பையன் கொண்டுவந்திருந்தான். 1971 சண்டைக்குப் போய் வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றார். "வேண்டாஞ்சாமி, அதைக் கேட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அணைத்துவிட்டான்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஒரு பாட்டியிடம் சமாதியில் என்ன எழுதலாம் என்று கேட்டார்கள். "கல்லுல பேரு அப்புறம் வெட்டிக்கலாம் அம்மிணி. பென்ஷன் பேப்பர்ல எம்பேரு தப்பா இருக்குது, அதை மொதல்ல பாரு" என்றார். ஆதாரில் ஒரு பெயர், பென்ஷன் ஆணையில் வேறு எழுத்துக் கூட்டல். படைத்துறைப் பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற இணைய முறைக்கு மாறிய பிறகு இந்த வித்தியாசங்கள் வெளியே வந்து, பல விதவைகள் அலைகிறார்கள். ஆண்டுதோறும் ஆயுள் சான்று வேறு. அதை இப்போது போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். அந்தப் பாட்டிக்குப் பட்டன் போன்தான் உண்டு. என் மாணவிகள் இருவர் அவரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப்போனார்கள். மூன்று நடை. அடுத்தடுத்து மற்ற வீடுகளிலும் இதே வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் போய்ப் பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் விதவைகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதாந்தர உதவித்தொகை தருகிறது என்பதே சில வீடுகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. 120 மணி நேரக் கணக்கில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார்கள். அஞ்சலி என்றே எழுதச் சொன்னேன்.

இனி அந்தத் தோட்டம். கொள்ளுப்பேரன் இரண்டாம் முறை நாங்கள் போனபோது மச்சிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியை இறக்கி வைத்திருந்தான். டிஸ்சார்ஜ் புக்கில் பாதி கரையானுக்குப் போயிருந்தது. மிஞ்சிய பக்கத்தில் 'சாப்பர்' என்கிற பதவியும் படை எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் தெரிந்தன. பெட்டியின் அடியில் ரிப்பன் போன ஒரு பித்தளை நிற நட்சத்திரம், ஆறு முனை. யாரோ பள்ளிக்கூடத்தில் வாங்கின பரிசு என்று நினைத்திருந்தார்களாம். நடுவட்டத்தில் 'பர்மா ஸ்டார்' என்று எழுதியிருந்தது. பையன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பர்மா எத்தனை தூரமுங்க சார்?" என்றான்.

சமாதியில் ஒரு சின்னக் கல் வைக்கக் குடும்பம் முடிவு செய்தது. திருமுருகன்பூண்டியில் கல் வேலை செய்பவரிடம் போனோம். 'முன்னாள் படைவீரர்' என்று எழுதலாம் என்றேன். வேண்டாம், ஊரில் சொல்கிற மாதிரி 'பட்டாளத்துக்காரர்' என்றே இருக்கட்டும் என்றார்கள். பேர், சாப்பர், பர்மா. செத்த ஆண்டு வீட்டில் இரண்டு விதமாகச் சொன்னார்கள். பெரியவர்களுக்குள் பேச்சு வளர்ந்துகொண்டே போனது. கல் வேலைக்காரர் உளியைக் கீழே வைத்துவிட்டு டீக்குப் போய் வந்தார். கடைசியில் பையன்தான் சொன்னான்: "நாலு எழுத்துக்கு எடம் விட்டு வெட்டுங்கண்ணா. தெரிஞ்சா வந்து போட்டுக்கறோம்."